இவை யானைகள்

அப்பா தாரமங்கலத்தில் கல் தச்சு வேலை பார்த்தவர். எண்பத்தொரு வயதில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, கட்டு அவிழ்த்த மறுநாளே, "பிரான்ஸில் எடுத்த படங்களைக் காட்டு" என்றார். மகள் புவாத்தியே நகரில் படிக்கிறாள். அவளோடு தங்கியிருந்தபோது ஒரு நாள் ஓல்னே என்ற கிராமத்துக்குப் போனோம். வீடுகளை விட்டுத் தள்ளி, கல்லறைகளுக்கு நடுவே, 12ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித பேதுரு தேவாலயம் நிற்கிறது. ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களின் வழித்தலம்; 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

அப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. முதலில் கேட்டது, "என்ன கல்?"

"சுண்ணாம்புக்கல்."

"சங்ககிரியில் வெட்டி சிமெண்டுக்கு அனுப்புகிறார்களே, அந்த இனமா? உளிக்கு இளகிக் கொடுக்கும். அதுதான் இவ்வளவு நுணுக்கம்."

அடுத்து, உட்புறப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "உத்தரம் எங்கே?" என்றார். வாழ்நாளெல்லாம் தூண், அதன் தலையில் போதிகை, அதன் மேல் உத்தரம் என்று அடுக்கியவர் வேறு எதைக் கேட்பார்! உத்தரமே கிடையாது, ஆப்பு வடிவக் கற்களை மரச்சாரத்தின் மேல் வளைவாக அடுக்கிவிட்டுச் சாரத்தை எடுத்துவிடுவார்கள் என்றேன். சற்று நேரம் கையை வளைத்து வளைத்துப் பார்த்தார். "அப்படியென்றால் அது சுவரை வெளியே தள்ளுமே."

தள்ளத்தான் செய்யும். அதற்காகத்தான் இருபுறத்துப் பக்கக் கூடங்களையும் ஏறக்குறைய நடுக்கூடத்தின் உயரத்துக்கே எழுப்பி, தோள் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அதனால் நடுக்கூடத்துக்கென்று தனி ஜன்னல் கிடையாது. பக்கச் சுவர்களிலிருந்து கசிந்து வரும் வெளிச்சம்தான். மேற்கு முகப்புக்கு 15ஆம் நூற்றாண்டில் பெரிய முட்டுச்சுவர்களும் கொடுத்தார்கள். அப்பா அந்த முட்டுச்சுவர்களைத் தடவுவதுபோலத் திரையைத் தடவினார்.

தெற்கு வாசலில்தான் அதிக நேரம் நின்றோம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளைவுகள். மேற்கு வாசலில் உருவங்கள் வளைவின் போக்கிலேயே நீண்டு கிடக்க, இங்கே ஒரு கல்லுக்கு ஓர் உருவம் என்று விசிறிபோல விரிகின்றன. யாழ் வாசிக்கும் கழுதைகூட உண்டு. ஒரு வரிசை முழுக்க முடி சூடிய மூப்பர்கள். பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் இருபத்துநான்கு பேர். இங்கே முப்பத்தொரு பேர். எனக்குப் புதிராக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. "கீழே உட்கார்ந்து செதுக்கி மேலே ஏற்றியிருக்கிறான். வளைவு முடிகிற வரை கல் வைத்தாக வேண்டும். மீதி ஏழு கல்லை மொட்டையாகவா விடுவான்?" வேறு விளக்கம் இருக்கலாம். எனக்கு இதுவே போதும்.

கடைசியாக அந்தத் தூண் தலைப்பு. தெற்குச் சிறகில் மூன்று யானைகள், கூடவே லத்தீன் எழுத்து: ஹி சுந்த் எலிஃபாந்தெஸ். இவை யானைகள்.

தேர்போல அமைந்த தாரமங்கலத்துக் கோபுரத்தின் அடியில் வளர்ந்தவர் அப்பா. பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "யானையைக் கண்ணால் கண்டதில்லை இவன்." எனக்கு வருத்தமாகிவிட்டது. அந்தத் தூணின் கீழே நின்றபோது ஏனோ என் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பினார். "அந்தப் படத்தை எடு." திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். "யாரோ சொன்னதைக் கேட்டுத் துதிக்கையைக் கொண்டுவந்துவிட்டான், பார். நானாக இருந்தால் பார்க்காத மிருகத்தில் உளி வைத்திருக்க மாட்டேன். ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று செய்திருக்கிறான். தெரியாதவர்களுக்குப் புரியட்டும் என்று பெயரும் போட்டிருக்கிறான்." குரல் தழுதழுத்தது.

பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மூன்றாவது யானையின் பின்புறம் சரியாகத் தெரியவில்லையாம். பேத்தியிடம் சொல்லி, பக்கவாட்டில் நின்று இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள்.