பால்டர்ஸ் கேட் 2-க்கு மோட் போட்ட கதை

ராத்திரி ஒன்றேகால் மணி. பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினி விளையாட்டில், வில்லன் ஐரெனிகஸின் நிலவறையிலிருந்து தப்பித்து அத்கட்லா நகரத்துக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டேன். நடந்துகொண்டே இருக்கும்போது என்னோடு வரும் துணைப்பாத்திரங்களில் ஒருத்தியான ஜஹீரா, இன்னொருவனான மின்ஸ்க்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "இன்வேலிட்" என்ற ஒரு சொல், பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு எண். மின்ஸ்க் கொஞ்சமும் அசராமல் வேறொரு ஆறு இலக்க எண்ணைப் பதிலாகச் சொன்னான். அதற்கு ஜஹீரா இன்னொரு எண்ணைச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டாள்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து மோட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் எழுதிச் சேர்க்கிற துண்டுகள்) போட்டதற்குக் கிடைத்த பலன் இது. சிரிக்கத்தான் முடிந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பால்டர்ஸ் கேட் 2 வந்தது 2000-இல். பயோவேர் செய்தது. நாலு சிடி. எங்கள் வீட்டில் அதை ஆடியது அண்ணன்தான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சிடி மாற்றிக் கொடுப்பவன். அடுத்த வருஷமே அதன் தொடர்ச்சியாக த்ரோன் ஆஃப் பால் வந்தது. இப்போது நான் வைத்திருப்பது 2013-இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன். பெரிய திரையில் சரியாகத் தெரிகிறது, சிடியும் வேண்டாம். வாங்கிய கையோடு அண்ணனுக்கு போன் போட்டு என்னென்ன மோட் போடலாம் என்று கேட்டேன்.

"முதல்ல ஒரு தடவை சும்மா ஆடுடா. எது எது கடுப்பேத்துதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வை. அதுக்கு மட்டும் மோட் தேடு."

"அதான் நீ ஆடுறதை நூறு தடவை பாத்திருக்கேனேண்ணா."

"பாத்தது வேற."

நான் கேட்கவில்லை. நன்றாக இருக்கும் என்று எங்கெல்லாம் படித்தேனோ அத்தனையையும் இறக்கினேன். முப்பதுக்கு மேல் போயிற்று. புதுத் துணைப்பாத்திரங்கள் மட்டும் ஒன்பது பேர். குழுவில் மொத்தம் ஆறு இடம்தான், அதில் ஒன்று நமக்கு! அந்த முதல் முயற்சி பாதியிலேயே செத்துப்போனதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்புறம்தான் அண்ணன் சொன்னபடி மோட் எதுவும் இல்லாமல் ஒரு முறை முழுதாக ஆடினேன். ஒரு மாதம் ஆனது. பேப்பரில் ஐந்தே வரி தேறியது.

தொடக்கத்து நிலவறை. முதல் தடவை பிரமாதம், இரண்டாவது தடவை தண்டனை. இதற்கு டஞ்சன்-பி-கான் என்ற சின்ன மோட் இருக்கிறது. வேண்டாமென்றால் நிலவறையைத் தாண்டிவிடலாம், அங்கே கிடைக்க வேண்டிய அனுபவப் புள்ளிகளும் பொருள்களும் வந்துவிடும். அடுத்த வரி, துணைப்பாத்திரங்கள் தங்களுக்குள் போதுமான அளவு பேசிக்கொள்வதில்லை, அதுவும் த்ரோன் ஆஃப் பாலில் வாயே திறப்பதில்லை என்பது. அதற்கு பான்ட்டர் பேக். அம்பையும் மந்திரச் சுருளையும் பைக்குள் அடுக்கி அடுக்கிக் கை வலித்ததற்கு ட்வீக்ஸ் ஆந்தாலஜி. கடைசிச் சண்டை சப்பென்று முடிந்ததற்கு அசென்ஷன். விளையாட்டை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் கெய்டரே பிற்பாடு தன் சொந்த நேரத்தில் செய்த மோட் இது. முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ, அதற்குக் கிட்டத்தில் வருவது.

ஐந்தாவது வரியைத்தான் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்: "எதிரி மந்திரவாதிகள் முட்டாள்கள்." பக்கத்து அறையில் சண்டை நடக்கும், இந்த அறையில் இருப்பவன் காது கேட்காதவன் மாதிரி நிற்பான். கவசமந்திரம் போட்டுக்கொள்வதற்குள் கத்தி பாய்ந்திருக்கும். இதற்கு மருந்து ஸ்வோர்டு கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ். மோட் வட்டாரத்தில் எஸ்சிஎஸ் என்றால்தான் தெரியும். எதிரிகளுக்கு மூளை வைக்கிற மோட் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இவற்றோடு ஆசைக்கு ஒன்று: அன்ஃபினிஷ்டு பிசினஸ். வெளியீட்டுக்கு முன் நேரமில்லாமல் வெட்டிப்போட்ட கதைத்துண்டுகளை ஒட்டவைப்பது. மின்ஸ்க் வளர்க்கும் 'பூ' என்ற வெள்ளெலியை யாரோ கடத்திக்கொண்டு போகிற கதை அதில்தான் வருகிறது. அதை விட மனசு வரவில்லை. முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒரே விளையாட்டாகத் தைத்துவிடும் ஈஈடி மேலும் கண் வைத்தேன். அதற்கு முதல் பாகமும் கையில் வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஈஈடி எண்ட் என்று ஒன்றைத் தனியாகப் போடவும் வேண்டும். அது இன்னொரு மழைக்காலத்துக்கு.

இனி வைடூ. இந்த விளையாட்டுக்கு வருகிற மோட்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் எஞ்சின் இதுதான். வெஸ்ட்லி வைமர் என்பவர் எழுதியதால் அவர் பெயரின் பாதி ஒட்டிக்கொண்டது. இது வருவதற்கு முன் மோட் என்றால் முழு ஃபைலையும் தூக்கி மாற்றுவது. விளையாட்டின் எல்லா வசனமும் டயலாக் டாட் டிஎல்கே என்ற ஒரே ஃபைலில் வரிசை எண் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மோட்கள் ஆளுக்கொரு டிஎல்கே கொண்டுவந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். வைடூ அப்படிச் செய்வதில்லை. அந்த நேரத்தில் ஃபைல் எப்படி இருக்கிறதோ அதைப் படித்து, தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் திருத்துகிறது. புது வசனங்களை டிஎல்கேயின் வாலில் சேர்த்து, கிடைத்த எண்ணைப் பாத்திரத்தின் பேச்சு ஃபைலில் எழுதிவைக்கிறது.

"அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ" என்பதில்தான் என் இரண்டாவது முயற்சி மாட்டிக்கொண்டது. சின்ன மோட்தானே என்று ட்வீக்ஸை முதலில் போட்டேன். அம்புகளுக்கு அடுக்கு வரம்பே, அதாவது ஒரு கட்டத்தில் இத்தனைதான் என்ற கணக்கே, வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகு பொருள்களைக் கூட்டுகிற வேறொரு மோட். விளையாட்டில் சாதாரண அம்பு நூற்றுக்கணக்கில் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தது. புது மோட் கொண்டுவந்த அம்பு மட்டும் 40-க்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. நியர் இன்ஃபினிட்டி என்ற கருவியில் அந்த அம்பின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அடுக்கு வரம்பு என்ற கட்டத்தில் சமர்த்தாக 40. ட்வீக்ஸ் ஓடியபோது இந்த அம்பே பிறக்கவில்லை, பிறகு எப்படித் திருத்தும்?

எஸ்சிஎஸ் கதையும் இதுவே. அது விளையாட்டில் இருக்கும் மந்திரவாதிகளை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்து மூளை வைத்துக்கொண்டு போகும். அதற்குப் பின் சேர்க்கிற ஆள் பழைய முட்டாளாகவே இருப்பான். ஆகவே கதை, சண்டை, ஆள், பேச்சு, பொருள் எல்லாம் முதலில். ட்வீக்ஸும் எஸ்சிஎஸ்ஸும் கடைசிப் பந்தி. அசென்ஷன் கட்டாயம் எஸ்சிஎஸ்ஸுக்கு முன்னால்.

அம்பு விஷயம் தெரிந்தவுடன் சரி, அந்தப் பொருள் மோடை எடுத்துவிடலாம் என்று போனேன். வைடூவில் எடுப்பதற்கு வசதி இருக்கிறது. ஆனால் அது அடுக்குப்பானை மாதிரி. கீழ்ப்பானையில் கை வைக்க வேண்டுமென்றால் மேலே இருப்பவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி, அதை எடுத்துவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றும். எல்லாம் தானாகவே நடக்கும், நாம் கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலே இருந்தவற்றில் எஸ்சிஎஸ்ஸும் ஒன்று. என் பழைய லேப்டாப்பில் அது ஏறுவதற்குள் சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிட்டேன். திரும்பி வந்தால் நடுவில் ஒரு மோட் "பிழைகளால் நிறுவப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு நின்றிருந்தது.

அங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே டிஎல்கே ஃபைலை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து பழைய இடத்தில் ஒட்டினேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற நினைப்பு. பாத்திரங்களின் பேச்சு ஃபைல்களோ, மோட் மாற்றிய ஃபைல்கள் உட்காரும் ஓவர்ரைடு ஃபோல்டரில் அப்படியே இருந்தன. அவை கேட்பது வாலில் சேர்த்த வசனத்தின் எண்ணை. வாலோ நான் வெட்டிப்போட்டது. ஜஹீராவும் மின்ஸ்க்கும் எண்களில் பேசிக்கொண்டதன் ரகசியம் இதுதான். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

மூன்றாவது முறை உட்காரும்போது நிதானம் வந்துவிட்டது. விளையாட்டைச் சுத்தமாக இறக்கி, அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பிரதி எடுத்து ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, டி டிரைவில் வைத்தேன். மோட் போடுவது பிரதியில்தான். விளையாட்டை வாங்கிய கடையின் செயலி தானாக அப்டேட் செய்தாலும் அசல்தான் மாறும், என் பிரதியைத் தொடாது. ஏதாவது கெட்டுப்போனால் ஒட்டுப்போடுவதில்லை. பிரதியை அழித்துவிட்டு அசலிலிருந்து இன்னொன்று. இடம் சில ஜிபிதான் பிடிக்கிறது. முப்பது மோட் நாளில் போன தூக்கத்துக்கு அது எவ்வளவோ மலிவு.

பிறகு எல்லா மோட்களையும், விளையாட்டின் அட்டவணை ஃபைலான சிட்டின் டாட் கீ இருக்கிற அதே ஃபோல்டரில் பிரித்துவைத்து ஒவ்வொன்றின் செட்டப்பையும் ஓட்டினேன். முதல் கேள்வி எந்த மொழி. அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் கேள்வி: ஆங்கில 'ஐ' எழுத்தை அடித்தால் போடும், 'என்' எழுத்தை அடித்தால் விடும். எஸ்சிஎஸ்ஸில் இந்தக் கேள்விகள் மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி நீளும். மந்திரவாதி, பூசாரி, டிராகன் என்று புத்தி சம்பந்தப்பட்டதற்கு மட்டும் ஐ. மற்றதெல்லாம் என். ஒவ்வொரு மோட் முடிந்ததும் வைடூ டாட் லாக் ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டேன். போட்ட மோட், போட்ட பகுதி, போட்ட வரிசை மூன்றும் அதில் இருக்கும். அந்த ஒரு ஃபைலை அண்ணனுக்கு அனுப்பினால் என் விளையாட்டு முழுதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அனுப்பினேன். வரிசையைப் பார்த்துவிட்டு, "சரி, பழைய சேவ்ல சோதிச்சுப் பாக்காத" என்று மட்டும் சொன்னான். ஏன் என்றால் ஒரு முறை நுழைந்த இடம், ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். காப்பர் கோரனெட் சாராயக்கடைக்குள் ஏற்கெனவே போயிருந்தால், மோட் அங்கே நிறுத்திவைத்த புது ஆள் கண்ணில் படவே மாட்டான். மோட் வேலை செய்யவில்லை என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். நான் முதல் முயற்சியில் அப்படித் திட்டியவன்தான்.

ஆக, புது ஆட்டம். நிலவறையைத் தாண்டினேன். கடைத்தெருவில் ஜஹீரா வாயைத் திறந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், முழு வாக்கியம் வந்தது. அம்புகள் எல்லாம் ஒரே கட்டத்தில். பூவும் பத்திரம், இதுவரை.

அத்கட்லாவில் ஒரு சட்டம் உண்டு. வீதியில் மந்திரம் போடக் கூடாது; போட்டால் கௌல்டு விசார்ட்ஸ் என்ற முக்காட்டு மந்திரவாதிகள் தோன்றி எச்சரிப்பார்கள், மறுபடி போட்டால் அடிக்க வருவார்கள். 5,000 பொற்காசு கொடுத்தால் உரிமம் கிடைக்கும். அண்ணனும் வாங்கியதில்லை, மோட் இல்லாமல் ஆடியபோது நானும் வாங்கியதில்லை. வருகிறவர்களை அடித்து அனுபவப் புள்ளி சேர்ப்பதுதான் எங்கள் குடும்ப வழக்கம். பிடிபட்டிருக்கும் தோழி இமோயனை மீட்க 20,000 சேர்க்க வேண்டிய நேரத்தில் இதற்கு யார் கொடுப்பார்கள்? அதே தெனாவட்டில் எச்சரிக்கையையும் மீறி ஒரு நெருப்புக்கோளம் வீசினேன்.

வந்தார்கள். வரும்போதே உடம்பைச் சுற்றி நாலைந்து அடுக்குக் கவசம். என் அம்பு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒருவனைக் காணோம், எங்கிருந்தோ என் பூசாரிக்கு வாய் கட்டிவிட்டான். மின்ஸ்க் குழம்பிப்போய் ஜஹீராவையே அடிக்க ஆரம்பித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரையில் என் பாத்திரம் கிடந்தது.

சேவ் ஃபைலை மறுபடி ஏற்றி, அரசாங்க வட்டாரத்துக்கு நடந்துபோய், 5,000-ஐ எண்ணி வைத்து உரிமம் வாங்கினேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.