ஒரே சீரம், இரண்டு ஏ.எல்.பி.

பல லேப்களில் டெஸ்ட் கிட் (பரிசோதனைக்கான ரசாயனக் கரைசல் பெட்டி) மாறுவதற்குக் காரணம் விலையோ ஸ்டாக்கோதான். குளுக்கோஸ், யூரியாவில் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. என்சைம் டெஸ்ட் அப்படியல்ல. அங்கே அளப்பது பொருளின் அளவை அல்ல, அது வேலை செய்யும் வேகத்தை. பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்), பி.எச்., வெப்பநிலை, உடன் சேர்க்கும் பொருள் என எது மாறினாலும் வேகமும் மாறும். ரிப்போர்ட்டில் மட்டும் அதே 'யூனிட்/லிட்டர்' நிற்கும்.

ஏ.எல்.பி. (ஆல்கலைன் பாஸ்படேஸ்) என்ற என்சைமை எடுத்துக்கொள்வோம். சந்தையில் ஏ.எம்.பி. (அமினோ மீதைல் புரோப்பனால்) பஃபர் கிட்டும் உண்டு, டி.இ.ஏ. (டைஎத்தனாலமைன்) பஃபர் கிட்டும் உண்டு. இரண்டும் 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறத்தைத்தான் படிக்கின்றன. ஆனால் இங்கே பஃபர் சும்மா இருப்பதில்லை. என்சைம் பிரித்தெடுக்கும் பாஸ்பேட்டைத் தானே வாங்கிக்கொள்கிறது. டி.இ.ஏ. இதை வேகமாகச் செய்வதால் அதே சீரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு எண் வரும். ஏ.எம்.பி.யில் பெரியவர்களுக்கு மேல் எல்லை 120-ஐ ஒட்டி இருக்கும், டி.இ.ஏ. கிட் சிலவற்றில் 300 வரை போகும். இரண்டால் பெருக்கிப் பழைய எண்ணோடு ஒப்பிடலாமா என்றால், கூடாது. எலும்பு, கல்லீரல், நஞ்சுக்கொடி என எங்கிருந்து வந்த ஏ.எல்.பி. என்பதைப் பொறுத்து அந்த விகிதமே மாறுகிறது.

ஏ.எம்.பி.யிலிருந்து டி.இ.ஏ.வுக்கு மாறிவிட்டு ரேஞ்சை அப்படியே விட்டால், நல்லாயிருக்கும் ஆளுக்கு 200 என்று வந்து, வேண்டாத ஸ்கேன் வரை போகும். டி.இ.ஏ.விலிருந்து ஏ.எம்.பி.க்கு மாறினால் இன்னும் ஆபத்து: ஏ.எம்.பி.யில் 250 காட்டும் பித்தநாள அடைப்பு, பழைய 300 எல்லைக்குள் நார்மல் என்று அச்சாகும்.

கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.பி.டி.யில் பார்க்க வேண்டியது பைரிடாக்சல் பாஸ்பேட், அதாவது வைட்டமின் பி6-இன் செயல்படும் வடிவம். அது இல்லாமல் இந்த என்சைம் வேலை செய்யாது. பன்னாட்டு மருத்துவ வேதியியல் அமைப்பான ஐ.எஃப்.சி.சி.யின் மூல முறையில் அது சேர்ந்தே இருக்கிறது. மலிவான கிட் பலவற்றில் இல்லை. பி6 குறைந்த டயாலிசிஸ் நோயாளிக்கும் நீண்டகாலக் குடிநோயாளிக்கும் அத்தகைய கிட் குறைத்துக் காட்டும். கல்லீரல் பாதிப்பை அதிகம் தேட வேண்டியவர்களே இவர்கள்.

செமி ஆட்டோ அனலைசரில் ஃபேக்டரையும் (ரீடிங்கை யூனிட்டாக மாற்றப் பெருக்கும் எண்) பார்க்க வேண்டும். 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டுக்கு 100 சீரம் என்றால் 340 நானோமீட்டரில் 1768. புதிய கிட் 50 சீரம் கேட்டால் 3376. பழைய ஃபேக்டரிலேயே ஓடினால் எண் பாதியாகிவிடும்.

எஸ்.ஜி.பி.டி. கிட்டின் இரு கரைசல்களில் ஆர்1 நான்கு பங்கு, ஆர்2 ஒரு பங்கு கலந்த வொர்க்கிங் ரீஏஜென்ட்டை மேசையிலேயே விட்டுவைத்தால் அதிலுள்ள என்.ஏ.டி.எச். (வினையில் செலவாகும், 340-இல் நாம் படிக்கும் பொருள்) சிதைந்துபோகும். தண்ணீருக்கு எதிராக 340-இல் படித்து, கிட் தாளில் சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் கொட்டிவிட வேண்டும். மிக உயர்ந்த எஸ்.ஜி.பி.டி. சீரம், ரீடிங் தொடங்கும் முன்பே என்.ஏ.டி.எச்.சைத் தின்று தீர்த்துவிடும். எண் 30 என்று அமைதியாக வரும். ஆரம்ப அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) வழக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதுதான் துப்பு. சலைனில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும்.

கிட் மாற்றும் வாரத்தில் தாழ்ந்தது முதல் மிக உயர்ந்தது வரை குறைந்தது 20, முடிந்தால் 40 நோயாளிச் சீரங்களை இரண்டு கிட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் (தரம் சோதிக்கக் கிடைக்கும் சீரம்) மட்டும் போதாது. பதப்படுத்திய சீரம் என்பதால் அது நோயாளிச் சீரம்போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அதன் தாளிலும் அந்தந்த முறைக்கான எல்லையைத்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் முறையின் பெயரையும் புதிய ரேஞ்சையும் அச்சிட்டு, சில மாதங்களுக்காவது 'முறை மாறியுள்ளது, முந்தைய எண்ணோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.