ஐரோப்பியத் தபால்தலைகளுக்குச் சந்தா கட்டிய அனுபவம்

ஜெர்மனிக்குக் குடிவந்த பிறகும் புதிய தபால்தலை வெளியீடுகளை வியாபாரிகளிடமேதான் வாங்கிக்கொண்டிருந்தேன். முகமதிப்புக்கு, அதாவது தலையில் அச்சிட்ட விலைக்கு மேல் அவர்கள் வைக்கும் லாபம் உறுத்தத் தொடங்கியதும், அந்தந்த நாட்டு அஞ்சல் துறையிடம் நேரடியாகச் சந்தா கட்டினேன். பணம் கட்டுவது எளிது. எதை வேண்டாம் என்று சொல்வது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

எல்லா நாட்டையும் சேர்த்தால் சம்பளம் மிஞ்சாது. ஆகவே முதலில், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வெளியிடும் 'யூரோப்பா' வரிசை. 1956-ல் ஆறு நாடுகள் தொடங்கியது. 1974 முதல் ஆண்டுக்கு ஒரு பொதுக் கருப்பொருள் வைக்கிறார்கள். 2023-ல் சமாதானம், 2024-ல் நீருக்கடி உயிர்கள், 2025-ல் தொல்லியல் கண்டுபிடிப்புகள். அதிலும் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஃபாரோ தீவுகள், ஓலாந்து (Åland) என்று நான்கோடு நிறுத்திக்கொண்டேன். ஐஸ்லாந்தின் மீது ஆசை இருந்தது. அவர்களோ 2020-உடன் புதிய தபால்தலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

சந்தாப் படிவம் பொறுமையாகப் படிக்க வேண்டிய ஒன்று. புதுத்தலையா (பயன்படுத்தாத தபால்தலை), முத்திரை குத்தியதா, முதல்நாள் உறையா, நான்கு தலைத் தொகுதியா, முழுத் தாளா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். நான் புதுத்தலை மட்டும், ஒவ்வொன்றிலும் ஒன்று எனக் குறித்தேன். 'சிறப்பு வெளியீடுகள்' என்ற கட்டம் வந்தால் கை தயங்குவது நல்லது. ஆஸ்திரியா 2005-ல் துணியில் பூவேலை செய்த எடெல்வைஸ் மலரைத் தபால்தலையாக விற்றது. 2019-ல் மின்னணு நகலும் சேர்ந்து வரும் 'கிரிப்டோ' தபால்தலை, விலை 6.90 யூரோ. 2020-ல் கொரோனாவை ஒட்டிக் கழிப்பறைக் காகிதத்திலேயே ஒன்றை அச்சிட்டது. சிரித்தேன், வாங்கவில்லை. கடிதத்தில் ஒட்டத் தயங்கும் ஒன்றைத் தபால்தலை என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. ரசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஓலாந்திலிருந்து வந்த தபால் உறைதான் அலைய வைத்தது. ஓலாந்து பின்லாந்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம், யூரோ நாணயம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே. அதனால் அங்கிருந்து வருவதும் இறக்குமதிதான். என் உறைக்குச் சாதாரணப் பொருள் போல 19 சதவீதம் போட்டார்கள். சேகரிப்புக்கான தபால்தலைக்கு ஜெர்மனியில் 7 சதவீதம்தான். சுங்கக் கவுண்டரில் இருந்தவர், 'செல்லுபடியாகும் தபால்தலைதானே, இது எப்படிச் சேகரிப்புப் பொருள்?' என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் சுங்கப் பட்டியலில் இதற்கு இரண்டு தலைப்புகள்: ஏதாவது ஒரு நாட்டில் முகமதிப்போடு புழக்கத்தில் உள்ள புதுத்தலைகள் 4907-ல், மற்றவை 9704-ல். சேகரிப்புக்கானது என்றால் இரண்டுக்கும் 7 சதவீதம்தான். ஓலாந்துத் தலையை ஒட்டி இங்கே ஒரு கடிதமும் அனுப்ப முடியாது என்று விளக்கி, விலைப்பட்டியலை நீட்டிய பிறகு திருத்தினார்கள். மிச்சமானது சில்லறைதான், ஆனாலும் விடக்கூடாது என்று தோன்றியது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியலில் 'சேகரிப்புக்கான தபால்தலை' என்று குறிப்பிடச் சொல்லி எழுதிவிடுகிறேன்.

ஃபாரோ தீவுகளைச் சேர்த்ததற்குக் காரணம் செதுக்கு வேலை, அதாவது உலோகத் தகட்டில் படத்தைச் செதுக்கி அச்சிடும் முறை. 1975 முதல் தமக்கெனத் தலை வெளியிடும் அந்தச் சின்னத் தீவுகளுக்காக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைச் செதுக்கிய செஸ்வாஃப் ஸ்வானியா வேலை செய்திருக்கிறார். பழைய தலை ஒன்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் மைக்கோடுகள் காகிதத்திலிருந்து மேலெழுந்து நிற்பது தெரியும். ஆஃப்செட் அச்சை உருப்பெருக்கியில் பார்த்தால் வெறும் புள்ளிகள். இப்போது பெரும்பாலும் ஆஃப்செட்தான் வருகிறது. செதுக்குத் தலை எப்போதாவது.

உறை வந்ததும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, இடுக்கியால் எடுத்து, கறுப்பு அடிப்பாகம் கொண்ட ஒளிபுகும் உறையில் வைக்கிறேன். புதுத்தலையில் கீல் எனும் சிறு ஒட்டுத்தாளை ஒட்டினால் பசைப்பக்கம் கெட்டு மதிப்பு போய்விடும்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவை நிறுத்திவிட்டு லீக்டன்ஸ்டைனைச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியேதான். விலைப்பட்டியல் தயாராக வேண்டும்.