குவோச்சிங்: கட்டி முடிந்தால் நாடு தெளியும்

பேருந்து சீனாவின் தியன்தாய் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டதும் முதலில் கண்ணில் பட்டது செங்கல் கோபுரம்தான். ஆறு பட்டை, ஒன்பது நிலை, சுமார் 60 மீட்டர் உயரம், சுயி வம்ச காலத்தில் எழும்பியது. ஓடைப் பாலத்தைத் தாண்டினால் மஞ்சள் மதில். வாசல் நேரே தெரியாது, மதிலைச் சுற்றிப் போனால்தான் குவோச்சிங் என்ற பௌத்தக் கோயிலின் வாசல்.

நான் வந்தது ஜியீ என்ற துறவிக்காக. 538-இல் பிறந்தவர். சீனா அப்போது வடக்கு, தெற்கு என்று பிளந்து கிடந்தது. 554-இல் ஜியாங்லிங் நகரம் எதிரிப் படையிடம் வீழ்ந்தது, அதை ஒட்டியே தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள், பையன் 18 வயதில் தலையை மழித்துக்கொண்டார். பௌத்தமும் அன்றைக்கு இரண்டாகத்தான் இருந்தது. தெற்கே சூத்திரங்களை அலசுவார்கள், வடக்கே தியானத்தில் உட்காருவார்கள். இரண்டும் வண்டிக்கு இரு சக்கரம், பறவைக்கு இரு சிறகு என்று சொன்னவர் இவர். 575-இல் இந்த மலைக்கு வந்து அதையே வாழ்ந்தும் காட்டினார்.

வாளால் நாடு ஒன்றானது அதற்குப் பிறகு, 589-இல். இவரைக் குருவாகக் கொண்டாடிய தெற்குச் சென் அரசை சுயி படை முடித்தது, இன்றைய நான்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த தலைநகரத்தை இடித்து வயலாக்கினார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய இளவரசன் யாங் குவாங், இரண்டே வருடத்தில் இவர் முன்னால் மண்டியிட்டு எல்லா உயிரையும் கரைசேர்ப்பேன் என்று உறுதியெடுக்கும் போதிசத்துவ விரதம் வாங்கினான். இதில் அரசியல் இல்லாமல் இருக்குமா? இருந்தது. வடக்கே ஒரு அரசு 574-இல் பௌத்தத்தையே தடை செய்திருந்தது. சுயியின் வென் பேரரசரோ 601-இல் புத்தரின் உடல் எச்சங்களான தாதுக்களை 30 ஊர்களுக்கு அனுப்பி, எல்லா இடத்திலும் ஒரே நாள், ஒரே உச்சி வேளையில் தூபிகளில் வைக்கச் செய்தார். புதிதாக ஒட்டிய நாட்டை ஒரே வேளையில் கைகூப்ப வைத்தார். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஜியீ இந்தக் கோயிலைப் பார்க்கவில்லை, அதுதான் மனசைப் பிசைகிறது. இளவரசன் அழைத்தான் என்று கிளம்பி, 597-இல் வழியிலேயே கண்ணை மூடினார். கோயில் இப்படி இருக்க வேண்டும் என்று அவர் விட்டுப்போன விருப்பப்படி மறு வருடம் இளவரசன் திருப்பணி தொடங்கினான். 'கோயில் எழுந்தால் நாடு தெளியும்' என்ற பழைய வாக்கிலிருந்து வந்த பெயர்தான் குவோச்சிங்.

உள்ளே ஒரு பிளம் மரம் இருக்கிறது, நம் கணக்கில் தலவிருட்சம். ஜியீயின் சீடர் குவான்டிங் வைத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நான் போனபோது பூத்திருந்தது. கறுத்து முறுக்கிய கிளை, அதன் தோலை ஒட்டி நகக்கண் அளவு வெள்ளைப் பூ, ஒவ்வொன்றிலும் ஒரு மழைத்துளி. ஒரு பாட்டியம்மா கீழே விழுந்த இதழ்களை மட்டும் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார்.

பாலத்துப் பக்கம் 'யீ சிங் வந்தார், நீர் மேற்கே ஓடியது' என்று ஒரு கல். கணிதம் கற்க இங்கே வந்த, சுயிக்கு அடுத்த தாங் வம்ச காலத்துத் துறவி அவர். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் போன வஜ்ரபோதியிடமும் இதே யீ சிங் பாடம் கேட்டிருக்கிறார். அந்தக் கல்லைத் தொட்டபோது அது என் சொந்த ஊர்க் கல் மாதிரிதான் இருந்தது.

அப்புறம் மலையேறி ஜியீயின் சமாதிக்குப் போனேன். சின்ன மண்டபம், அதற்குள்ளே கல் தூபி, ஊதுபத்திப் புகை. சுயி வம்சம் 618-இல் முடிந்தது, 37 வருடம்தான். இங்கே இன்றைக்கும் விளக்கு எரிகிறது. நாலைந்து பேர் மந்திரம் முணுமுணுத்தபடி வலம் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மந்திரம் தெரியாது, சும்மா அவர்கள் பின்னாலேயே மூன்று சுற்று வந்தேன். கடைசியில் நடந்த அம்மா திரும்பிப் பார்த்து, தன் கையிலிருந்த ஊதுபத்தியில் பாதியைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.