போக பதினஞ்சரை, வர பதினேழு

திருநெல்வேலியில் இருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 150 கிலோமீட்டர்தான். ஆனால் நாலு மணிநேரம் கையில் இல்லாமல் கிளம்பக்கூடாது. காவல்கிணறு வரை நாற்கரச் சாலையில் கார் பறக்கும். நாகர்கோவிலைத் தாண்டினால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஒரே கடைத்தெருவாக நீண்டுகொண்டே போகும். திருவனந்தபுரத்தில் இருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,100 கிலோமீட்டர். அதற்கும் விமானத்தில் நாலு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது.

பக்கத்திலேயே வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டு விமானம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அக்கா வீடு சான்பிரான்சிஸ்கோ பக்கம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆனி மாதம் சிங்கப்பூர் வழியாகக் கிளம்பினோம். முப்பந்தல் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டிக்கெட் தாளை வாங்கிப் பார்த்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"ஏய்யா, சிங்கப்பூர்ல இருந்து போகையில பதினஞ்சரை மணிநேரம்னு போட்டிருக்கு, வரையில பதினேழுங்கு. ஒரே தூரந்தானே?"

தூரம் ஒன்றுதான், சுமார் 13,600 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் கணக்கு அது. அந்த நூல் பசிபிக்குக்குக் குறுக்கே நேராகப் போகாது. ஜப்பான் பக்கமாக வடக்கே ஏறி வளைந்து இறங்கும். சுற்றுவழி மாதிரித் தெரியும், அதுதான் குறுக்குவழி.

நேரத்தை மாற்றுவது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விமானத்தின் சொந்த வேகம் 900 என்று வையுங்கள். சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே போகும்போது பின்னாலிருந்து 100 தள்ளினால் தரைக்கணக்கில் 1,000; திரும்பும்போது அதுவே எதிரே வந்தால் 800. அதனால் திரும்பும் விமானங்கள் பல நாள் நூல்பிடித்த பாதையை விட்டுத் தெற்கே விலகி, கூடுதல் தூரம் பறந்தாவது காற்றுக்குத் தப்பிக்கப் பார்க்கின்றன.

இதையெல்லாம் நான் விளக்கி முடிக்கும் முன்னே அம்மா சொல்லிவிட்டாள்: "ஆடிக் காத்துல உங்க தாத்தா பணகுடியில இருந்து வள்ளியூருக்கு சைக்கிள்ல போவாவ. மிதிக்கவே வேண்டாம், கணவாக் காத்தே கொண்டுபோய் விட்டுரும். திரும்பி வரையிலதான் பாதி வழி உருட்டிட்டு வருவாவ."

இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

கடிகாரம்தான் அம்மாவை ரொம்பக் குழப்பியது. சிங்கப்பூரில் காலையில் ஏறினோம். பதினஞ்சரை மணிநேரம் பறந்து இறங்கினால் அங்கேயும் அதே நாள், அதே காலை. கோடைகாலத்தில் சான்பிரான்சிஸ்கோ கடிகாரம் சிங்கப்பூருக்கு 15 மணிநேரம் பின்னால்; நடுவே, தாண்டினால் தேதி மாறுகிற தேதிக்கோடு வேறு. "அப்போ இன்னைக்கு மாத்திரையை ரெண்டு தடவை போடணுமா?" என்றாள். மாத்திரைக்குக் கணக்கு நம்ம ஊர் நேரந்தான் என்று டாக்டர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நீங்களும் வயசானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பும்போது பின்னிரவு விமானம் என்றால் ஒரு தேதி முழுசாகக் காணாமல் போகும்.