இரண்டு டிஸ்க், ஒரே பெட்டி

லினக்ஸ் சர்வர்களின் ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்த புதிதில், எல்விஎம்மில் (பல டிஸ்க்குகளின் இடத்தைச் சேர்த்து, வேண்டிய அளவு வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) மிரர் வால்யூம் ஒன்றை, அதாவது ஒரே தரவை இரண்டு பிரதிகளாக வைக்கும் வால்யூமை, உருவாக்கும்போதெல்லாம் கட்டளையின் கடைசியில் டிஸ்க்குகளின் பெயர்களை நானே குறிப்பிட்டு, ஒரு பிரதி முதல் மாடியிலுள்ள ஸ்டோரேஜ் பெட்டியிலும் மற்றது மூன்றாம் மாடிப் பெட்டியிலும் அமையும்படி பார்த்துக்கொள்வேன். ஒரு பெட்டி நின்றாலும் மற்றதில் தரவு இருக்கும். எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்குரியது என்பது எனக்கு மனப்பாடம். அதில் சற்றுப் பெருமையும் உண்டு.

நான் விடுப்பில் இருந்த ஓர் இரவில், நிறைந்துபோன டேட்டாபேஸ் வால்யூமை 200 ஜிபி பெரிதாக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த நண்பர் டிஸ்க் பெயர் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. பழைய டிஸ்க்குகளில் இடம் தீர்ந்திருந்ததால், எல்விஎம் இடம் ஒதுக்கும் தன் வழக்கமான ‘நார்மல்’ விதிப்படி வேறு இரண்டு டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டது. இணைப் பிரதிகள் ஒரே டிஸ்க்கில் அமையக் கூடாது என்பதை அது மீறவில்லை. ஆனால் அவ்விரண்டுமே மூன்றாம் மாடிப் பெட்டியிலிருந்து அண்மையில் பிரித்துக் கொடுக்கப்பட்டவை.

அந்தப் பெட்டியைப் பராமரிப்புக்காக நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பு, எந்தப் பிரதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. டேட்டாபேஸை நிறுத்தாமலே, ஒரு பிரதியின் புதிய பகுதியை, அதாவது 4 எம்பி அளவுள்ள 51,200 எக்ஸ்டென்ட்களை (எல்விஎம் இடத்தை ஒதுக்கும் துண்டுகள்), பிவிமூவ் என்ற கட்டளை கொண்டு முதல் மாடிக்கு நகர்த்தினோம். திரையில் சதவீதம் ஊர்ந்துகொண்டிருந்தபோது நண்பரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி என் தலைக்குள் இருந்தது. கணினியிடம் நான் சொல்லவே இல்லை.

பிறகு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் மாடியைக் குறிக்கும் டேக் (அடையாளச் சொல்) ஒன்றை இட்டு, அந்த டேக்குகளை எல்விஎம்மின் அமைப்புக் கோப்பில் ‘கிளிங்’ (ஒட்டிக்கொள்) பட்டியலில் சேர்த்தேன். அதன்பின், வளரும் பிரதி தான் இருந்த டிஸ்க்கில் இடம் இல்லையென்றால் அதே டேக் உள்ள டிஸ்க்கைத் தேடும். ‘நார்மல்’ விதியும் இந்த டேக்குகளை முதலில் பார்க்கும்தான். ஆனால் பொருந்தும் இடம் கிடைக்காவிட்டால் வேறு எங்காவது ஒதுக்கிவிடும். ஆகவே முக்கிய வால்யூம்களின் இட ஒதுக்கீட்டுக் கொள்கையையே ‘நார்மலி’லிருந்து ‘கிளிங்’ என மாற்றினேன். ‘எனிவேர்’ என்றொரு கொள்கையும் உண்டு; இரண்டு பிரதிகளையும் ஒரே டிஸ்க்கில் வைக்கக்கூட அது தயங்காது என்பதால், எங்கள் குறிப்பேட்டில் அதைச் சேர்க்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அதே நண்பர் இரவில் அழைத்தார்.

“இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே சார், எக்ஸ்டென்ட் போதாது என்று ஏன் மறுக்கிறது?”

பிழைச்செய்தியை முழுதாக வாசிக்கச் சொன்னேன். ‘பொருத்தமான’ எக்ஸ்டென்ட்கள் போதவில்லை என்றிருந்தது. காலியாக இருந்ததெல்லாம் மூன்றாம் மாடியில். மறுநாள் காலை முதல் மாடிப் பெட்டியிலிருந்து புதிய டிஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கி, டேக் இட்டு, அதே கட்டளையை மீண்டும் கொடுத்தோம்.