அந்த ஊரில் ரிட்டர்ன் சவாரி கிடைக்குமா?

நான் பிளஸ் டூ படித்த காலத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 15 ரூபாய். மொத்தம் ஆறு கணினிகள். கடைசி இரண்டில் மட்டும் கடைக்கார அண்ணன் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ என்ற கணினி விளையாட்டைப் போட்டு வைத்திருந்தார். நான் எழுந்து போன பிறகு அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் ஒரே தொல்லை. மின்னஞ்சலைத் திறந்தால் கடவுச்சொல் தவறு என்று வரும். ஒரு கல்லூரி மாணவி மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கே வந்துவிட்டார்.

காரணம் நான்தான். அந்த விளையாட்டில் டாக்சிக்குள் ஏறி உட்கார்ந்து கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால்தான் சவாரி வேலை தொடங்கும். தட்டுவேன், ஓட்டுவேன், நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுவேன். விசைப்பலகையில் அந்தச் சின்ன விளக்கு எரிந்தபடியே இருக்கும், அடிப்பதெல்லாம் பெரிய எழுத்தாக விழும். கடைசியில் அண்ணன் ஒரு அட்டையில் ‘டாக்சி ஓட்டுபவர்கள் லைட்டை அணைத்துவிட்டுப் போகவும்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி இரண்டு திரைகளின் மேலும் ஒட்டினார். மின்னஞ்சல் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

என் வகுப்புப் பையன்கள் அதே விளையாட்டில் பீரங்கி வண்டி வரவழைக்கும் குறுக்கு வழிகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஊரையே கொளுத்துவார்கள், போலீஸ் ஹெலிகாப்டர் வரும், செத்துப்போவார்கள், சிரிப்பார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மஞ்சள் டாக்சி ஒன்றைப் பிடித்து, கடற்கரைச் சாலையில் கையாட்டி நிற்கிறவரை ஏற்றி, சொன்ன இடத்தில் இறக்கிவிடுவது போதும். தூரத்துக்கு ஏற்ப நேரம் கொடுப்பார்கள். வேகமாகக் கொண்டுபோய் விட்டால் கொஞ்சம் கூடுதல் பணம். வண்டியை இடித்துக்கொண்டே போனால் பயணி பயந்து இறங்கி ஓடிவிடுவார். மொத்தம் 100 சவாரி முடித்தால் ஊரிலுள்ள எல்லா டாக்சிகளுக்கும் ஒரு வித்தை வரும். ஹாரனை அழுத்தினால் வண்டி தரையிலிருந்து எம்பிக் குதிக்கும். நூறையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இன்று நான்கு, நாளை ஏழு என்று சேர்த்துக்கொள்ளலாம். 15 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் மட்டுமே உட்காரக்கூடிய எனக்கு இது பெரிய சலுகை.

என் அப்பா காட்பாடி ஜங்ஷன் ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வீடு வராமல் எங்கே போகிறான் என்று பார்க்க ஒரு நாள் சென்டருக்கே வந்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. தோளில் கை விழுந்தபோது அடி விழப்போகிறது என்று குனிந்தேன். அவர் திரையைப் பார்த்தபடி, “இந்த வண்டிக்கு டீசல் யார் கணக்கு?” என்று கேட்டார்.

இந்த விளையாட்டில் டீசலே கிடையாது என்றேன். நம்பவில்லை. அதற்குள் நான் ஏற்றி வந்தவர் மருத்துவமனை வாசலில் இறங்கினார். பத்தடி தள்ளி இன்னொருவர் கையை ஆட்டினார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. “இறக்கின இடத்திலேயே அடுத்த சவாரியா? அந்த ஊரில் எல்லா இடத்திலும் ரிட்டர்ன் கிடைக்குமா?”

கிடைக்கும் என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு அண்ணனிடம் என் பாக்கி 30 ரூபாயைக் கொடுத்துவிட்டு என்னை அழைத்துப் போனார். வீட்டில் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “உன் பையன் நல்ல ஊராகப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறான்.”

அப்பாவின் ஆச்சரியம் அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவருடைய ஒரு நாளை நினைத்துப் பார்த்தால் அது வேடிக்கை இல்லை. ஸ்டாண்டில் வண்டிகளுக்கு முறை உண்டு. வந்து நின்ற வரிசைப்படிதான் சவாரி. விடியற்காலை ரயிலுக்கு மூன்றரை மணிக்கே போய் நிறுத்தினால்தான் போணி ஆகும். ரயில் தாமதம் என்றால் ஒரு டீ. இன்னும் தாமதம் என்றால் இன்னொரு டீ. ஹௌரா பக்கத்திலிருந்து வரும் வண்டியில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பாய், பெட்டி, எக்ஸ்ரே உறை எல்லாவற்றோடும் இறங்குவார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அங்கே வரும் வெளியூர் நோயாளிகள்தான். காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்துப் பலகை தொங்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா “கோத்தாய் ஜாபென்?” என்று வங்காள மொழியில் கேட்பார். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு அவர்கள் விரிவாகச் சொல்லும் பதிலில் ‘சி.எம்.சி.’ தவிர எதுவும் அவருக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜங்ஷனிலிருந்து மருத்துவமனைக்கு ஆறேழு கிலோமீட்டர். விருதம்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் வேலூர். அவர்களை விட்டுவிட்டு அங்கே நின்று யாரையாவது ஏற்ற முடியுமா? முடியாது. அது வேறு ஸ்டாண்டு. அந்த வண்டிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆகவே காலி வண்டியாகத் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். சென்னை விமான நிலையத்துக்குச் சவாரி கிடைத்தால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கிளம்பும்போது முகம் மலர்ந்திருக்கும், திரும்பும்போது தொங்கியிருக்கும். நாள் முழுவதும் ஓட்டுகிறார் என்று ஊர் சொல்லும். உண்மையில் அவர் நாள் முழுவதும் காத்திருந்தார், இடையில் கொஞ்சம் ஓட்டினார். உலகத்தில் எந்த டாக்சி விளையாட்டும் இந்தக் காத்திருப்பை வைத்ததாக நான் பார்க்கவில்லை. வைத்தால் யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

(பாலாறு என்றதும் நினைவு வருகிறது. வைஸ் சிட்டியின் இரண்டு தீவுகளையும் இணைக்கும் பாலங்கள் விளையாட்டின் தொடக்கத்தில் புயல் எச்சரிக்கையால் மூடப்பட்டிருக்கும். நாங்கள் சிரிப்போம். எங்கள் பாலத்துக்குக் கீழே சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது பாதி ஊர் பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் எடுத்தது. நானும் எடுத்தேன்.)

வேலைக்குப் போய் சொந்தக் கணினி வாங்கிய பிறகும் இந்தக் கிறுக்கு என்னை விடவில்லை. இஷ்டப்படி ஊர் சுற்றவிடும் எந்தத் திறந்த உலக விளையாட்டை எடுத்தாலும் முதலில் டாக்சி ஓட்ட முடியுமா என்றுதான் பார்ப்பேன். 2001-இல் வந்த மூன்றாவது ஜிடிஏவில் முடியும். அங்கேயும் 100 சவாரி, பரிசாக ஒரு தனி டாக்சி. 2008-இல் வந்த நான்காவதில் கதாநாயகனின் உறவுக்காரர் ஒரு டாக்சி டிப்போவே நடத்துகிறார். எனக்கு அதில் பிடித்தது பின் சீட்டு. தெருவில் கையாட்டி டாக்சியை நிறுத்தி, பயணியாக ஏறி, ஜன்னல் வழியாக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம். பொத்தானை அழுத்தினால் உடனே போய்ச் சேர்ந்துவிடலாம். நான் அழுத்தியதில்லை. 2013-இல் வந்த ஐந்தாவதில் கதாநாயகர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் 2 லட்சம் டாலர் கொடுத்து டாக்சி நிறுவனத்தையே விலைக்கு வாங்கலாம். முதலாளியான பிறகும் அவரே போய் ஆள் ஏற்றி இறக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. அப்பாவிடம் சொன்னேன். “சின்ன முதலாளி என்றால் அப்படித்தான்” என்றார்.

அவருக்குக் காட்டியதில் இரண்டை மட்டும் அவர் மதித்தார்.

ஒன்று, 2002-இல் வந்த ‘மாஃபியா’. 1930-இல் லாஸ்ட் ஹெவன் என்ற கற்பனை நகரில் டாமி ஏஞ்சலோ என்ற டாக்சி ஓட்டுநரிடமிருந்து கதை தொடங்குகிறது. பழைய காலத்து வண்டி, மேடு ஏறவே முனகும். ஊருக்குள் மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் போலீஸ் நிறுத்தி அபராதம் போடும். சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் அப்படியே. கணினி விளையாட்டுப் பத்திரிகை படிக்கிற நண்பர்கள் இதைப் பெரிய அறுவை என்றார்கள். அப்பா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் பார்த்தார். அடுத்த நாளே ரவுடிகள் வந்து அந்த டாக்சியை அடித்து நொறுக்குகிற இடம் வந்தபோது எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் பார்க்கவில்லை.

இன்னொன்று ‘யாகூசா 5’. ஜப்பானில் 2012-இலேயே வந்தது. கணினிக்கு 2021-இல் வந்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. பெரிய தாதாவாக இருந்த கிர்யூ பெயரை மாற்றிக்கொண்டு ஃபுகுவோகாவில் டாக்சி ஓட்டிப் பிழைக்கிறான். சிக்னலில் நிற்க வேண்டும், திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட வேண்டும், சட்டென்று பிரேக் அடிக்கக்கூடாது, பின்னால் இருப்பவர் பேசினால் பக்குவமாகப் பதில் சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையில் நான் பல முறை தோற்றேன். அப்பா சொன்னபடி பதிலைத் தேர்ந்தெடுத்தபோது பயணி திருப்தியோடு இறங்கினார். அப்பாவுடைய விதி எளிது. முதலில் பேசக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். நோயைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘சரியாகிவிடும்’ என்று சொல்லவே கூடாது. “நமக்கு என்ன தெரியும்?” என்பார்.

ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஜிடிஏக்களில் அதுவும் உண்டு. 12 கட்டங்களையும் இடைவெளி விடாமல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு இடியும் நோயாளி பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்று திரையில் எழுத்து வரும். அந்த வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தையல் போட்டவர்களை ரயிலேற்ற அழைத்துப் போகும்போது காட்பாடி வரைக்கும் உள்ள வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போவார். புதிதாக ஒன்று முளைத்தால் அன்று இரவுச் சாப்பாட்டில் அதுதான் செய்தி.

இப்போது அவருக்கு 67. இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று. இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்பதால் ஓட்டுவதை விட்டுவிட்டார், வண்டியையும் விற்றாயிற்று. மே மாதம் எங்கள் ஊரில் பகல் பதினொன்றுக்கு மேல் நாய்கூட வெளியே வராது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். போன மே மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவரிடம் என் பழைய டேப்லெட்டில் ஜிடிஏ வரிசையின் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ போட்டுக் கொடுத்தேன். 2004-இல் வந்த விளையாட்டு, இப்போது செல்போனிலேயே ஓடுகிறது. ஒரு டாக்சியைப் பிடித்துச் சவாரி வேலையைத் தொடங்கி அவர் கையில் கொடுத்தேன். இங்கே 50 சவாரிதான் அப்பா, முடித்தால் எல்லா டாக்சிக்கும் நைட்ரோ கிடைக்கும் என்றேன். அது என்ன என்று கேட்டார். வண்டி பாய்ந்து போகும் என்றேன். “பாய்ந்து போய் என்ன செய்வது, அங்கேயும் ரயில் வந்தால்தானே ஆள்” என்றார்.

இரண்டு நாளில் விரல் பழகிவிட்டது. ஒரு வாரம் கழித்து எத்தனை ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். ஆறு. ஒரு வாரத்தில் ஆறு சவாரி! விரல் பழகியவருக்கு இது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். விளையாட்டில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரில் யூனிட்டி ஸ்டேஷன் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அங்கே ஒருவரை ஏற்றினார். சிவப்பு விளக்குகளில் நின்று, நேரம் கரைந்து ஒன்றிரண்டு நொடி மிச்சம் இருக்கும்போது கடற்கரையோரம் இறக்கினார். ஆள் இறங்கியதும் வண்டியைத் திருப்பினார். எதிரே ஒரு பெண் தலைக்கு மேல் குறியோடு நின்று கையாட்டினாள். அப்பா பார்த்தார், நிறுத்தவில்லை. அடுத்த மூலையில் இன்னொருவர். அவரையும் தாண்டிக் காலி வண்டியாக யூனிட்டி ஸ்டேஷனை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அவர்களை ஏற்றலாம், அதுதான் அடுத்த சவாரி” என்றேன்.

“தெரியும்டா” என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது அந்த ஸ்டாண்டு ஆட்களுடையது.”